நூறு டாலருக்குக் கைமாறிய எம்.வி.பி.: ஆலன் பேஜ் பற்றி ஒரு சந்தேகம்

புதுக்குளிர் (கேள்வி)

மினியாபொலிஸ் வந்து ஆறு மாதம் ஆகிறது. அமெரிக்க ஃபுட்பால் இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடுகிறது. ஆபீஸில் ஒரு பெரியவர் இருக்கிறார், வெள்ளிக்கிழமை தவறாமல் ஊதா ஜெர்சியில் வருவார். சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பிடித்து உட்கார வைத்து இந்த ஊர் அணியான வைக்கிங்ஸ் புராணம் சொல்வது அவர் வழக்கம்.

நேற்று சொன்னது இது: ஆலன் பேஜ் என்ற டிஃபென்சிவ் லைன்மேன் (எதிரணியைத் தடுக்கிற முன்வரிசை ஆள்) லீகிலேயே சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருது வாங்கினார். ஏழு வருடம் கழித்து வைக்கிங்ஸ் அவரைக் கழற்றி விட்டது. சிகாகோ அணி நூறு டாலருக்கு எடுத்துக்கொண்டது. கடைசியில் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார்.

நாலு பேர் கதையை ஒருவர் தலையில் கட்டிவிட்டாரோ என்று தோன்றுகிறது. எவ்வளவு நிஜம்? அப்புறம், பந்தைக் கையில் வாங்காத ஆளுக்கு எப்படி அந்த விருது?

சும்மா_பார்ப்பவன்

நூறு டாலர் நிஜம், ஆனால் அது அவருக்கு யாரும் போட்ட விலை இல்லை. ஒரு அணி வீரரை விடுவித்தால் அவர் பெயர் வெய்வர் பட்டியலுக்குப் போகும். வேண்டும் என்கிற அணி கட்ட வேண்டிய கட்டணம் அன்றைக்கு 100 டாலர். நம் ஊர் பத்திரப்பதிவு கட்டணம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரை ஓட்டக்காரன்

பெரியவர் எதையும் கலக்கவில்லை. எல்லாம் ஒரே ஆள்தான்.

நான் இந்த ஊருக்கு வந்தது 1996-ல். பேஜ் ஆடியதை நேரில் பார்க்கும் கொடுப்பினை இல்லை. எனக்கு முதலில் தெரிந்த பேஜ், செய்தித்தாள் படத்தில் போ டை கட்டிக்கொண்டிருந்த நீதிபதி. இவரா மைதானத்தில் ஆளைத் தூக்கிப் போட்டார் என்று நம்பவே முடியவில்லை.

முதலில் உங்கள் இரண்டாவது கேள்வி. டிஃபென்சிவ் டேக்கிள் நிற்பது வரிசையின் நடுவில். குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, எதிராளியின் மூச்சு கேட்கிற தூரத்தில். பந்து பின்னால் போன கணம் பல சமயம் இரண்டு பேராக வந்து இவரை மறிப்பார்கள். அவர்களைத் தாண்டி, குவாட்டர்பேக் (பந்தை எறிகிற ஆள்) எறிவதற்குள் அவரிடம் போய்ச் சேர வேண்டும். கிடைப்பது இரண்டு மூன்று விநாடி. மற்ற டேக்கிள்கள் முட்டித் தள்ளிப் போவார்கள். பேஜ் தள்ளவே இல்லை. பழைய வீடியோ கிடைத்தால் 88-ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். எதிராளி நிமிர்ந்து கையை நீட்டும்போது இவர் தோள் ஏற்கெனவே அவனைக் கடந்திருக்கும்.

காரணம் இருக்கிறது. நோட்ரே டேம் பல்கலைக்கழக அணியில் அவர் ஓரத்தில் ஆடும் எண்ட். 1967-ல் கல்லூரி வீரர்களை லீக் அணிகள் பங்கு போட்டுக்கொள்ளும் டிராஃப்டில் வைக்கிங்ஸ் முதல் சுற்றில் 15-வதாக எடுத்தபோது, இரண்டு ஓரத்திலும் கார்ல் எல்லரும் ஜிம் மார்ஷலும் இருந்தார்கள். இடமில்லை என்று நடுவே போட்டார்கள். ஓரத்து ஆளின் கால்வேகம் நடுவில் வந்து உட்கார்ந்தது. (அந்த மார்ஷல்தான் 1964-ல் பந்தைப் பொறுக்கிக்கொண்டு தப்பான பக்கம் 66 கெஜம் ஓடியவர். உங்கள் பெரியவர் அதையும் சொல்வார், காத்திருங்கள்.)

1971-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பேஜுக்கு எம்.வி.பி. கொடுத்தது. தற்காப்பில் ஆடுகிற ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. பிறகு 1986-ல் லாரன்ஸ் டெய்லருக்குக் கிடைத்தது. அவ்வளவுதான், மூன்றாவது ஆள் இல்லை. அவர் காலத்தில் வைக்கிங்ஸ் நாலு சூப்பர் பவுல் (லீகின் இறுதி ஆட்டம்) போனது, நாலும் தோல்வி. அதைப் பெரியவரிடம் கிளற வேண்டாம்.

இனி கழற்றி விட்ட கதை. அவர் மனைவி டயேன் சிகரெட்டை விட முயன்றபோது ஓட ஆரம்பித்தார். கணவரும் கூட ஓடினார், ஓட்டம் பிடித்துக்கொண்டது. 245 பவுண்டு ஆள் 220 பக்கம் இறங்கிவிட்டார். நடு வரிசையில் எடை குறைந்தால் இரண்டு பேர் சேர்ந்து தள்ளும்போது பின்னால் போய்விடுவார் என்பது பயிற்சியாளர்களின் பயம். தலைமைப் பயிற்சியாளர் பட் கிராண்டுக்கும் பேஜிடம் பழைய ஆட்டம் இல்லை என்ற எண்ணம். 1978 சீசனில் ஆறு ஆட்டம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். நான் மாரத்தானுக்காக ஒன்பது கிலோ இறங்கியபோது என் மாமியார் "மாப்பிள்ளை, எதுக்கும் சர்க்கரை பாத்துடுங்க" என்றார். பேஜுக்கு வேலையே போயிற்று.

சிகாகோ எடுத்ததும் குருட்டு யோகம் இல்லை. அந்த வருடம்தான் அங்கே தலைமைப் பயிற்சியாளராகப் போன நீல் ஆம்ஸ்ட்ராங், முன்பு வைக்கிங்ஸ் தற்காப்பைப் பார்த்துக்கொண்டவர். (நிலாவுக்குப் போனவர் வேறு.) எடை குறைந்தும் கால் குறையவில்லை என்று அவருக்குத் தெரியும். 1981 வரை, 36 வயது வரை, பேஜ் அங்கே 58 ஆட்டம் ஆடினார். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. வைக்கிங்ஸில் ஆடிய 160-ஐயும் சேர்த்தால் வழக்கமான சீசன் ஆட்டம் தொடர்ச்சியாக 218. நடுவில் 1979-ல் ஒரு முழு மாரத்தானும் ஓடினார்.

கணக்குப்பிள்ளை

ஓட்டக்காரர் சாக் கணக்கை விட்டுவிட்டார். குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவதுதான் சாக். அதை லீக் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982-ல். பேஜ் ஓய்வு பெற்றது 1981-ல். ஆக, லீக் ஏட்டில் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம். பிறகு ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆட்டங்களைத் தோண்டி எண்ணியதில் 148.5 வந்தது. நடு வரிசை ஆளுக்கு இது எங்கேயோ இருக்கிற எண்.

புதுக்குளிர்

இவ்வளவு விவரமா! நன்றி. நீதிபதி விஷயம்? பெயர் இருப்பதால் கொடுத்த பதவியா?

ஏரிக்கரை ஓட்டக்காரன்

கொடுக்கவில்லை, கேட்டு வாங்கினார், அதுவும் வழக்குப் போட்டு.

ஆடிக்கொண்டே மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1978-ல் முடித்தார். கழற்றி விட்ட அதே வருடம். பிறகு ஒரு சட்ட நிறுவனம், அதன் பின் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம். மாநில உச்ச நீதிமன்றத்துக்கு இங்கே தேர்தல் உண்டு. 1992-ல் இவர் நிற்க நினைத்த இடத்தில் இருந்த நீதிபதியின் பதவிக்காலத்தை, அந்த நீதிபதியின் ஓய்வை ஒட்டி, ஆளுநர் நீட்டித்துவிட்டார். நீட்டித்தால் தேர்தல் கிடையாது. இது செல்லாது என்று பேஜ் ஆளுநர் மேல் வழக்குத் தொடர்ந்தார். அந்த நீதிமன்றத்து நீதிபதிகளே தங்கள் சகாவின் விஷயத்தைத் தீர்க்க முடியாது அல்லவா? வேறு நீதிபதிகளை உட்கார வைத்து விசாரித்தார்கள். பேஜ் பக்கம் தீர்ப்பு, தேர்தல் நடந்தது, ஜெயித்தார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 70 வயது வரம்பு வந்து 2015-ல்தான் இறங்கினார்.

இன்னும் ஒன்று, இது ஓட்டக்காரனாக என் பங்குக்கு. இங்கே நடக்கிற ட்வின் சிட்டிஸ் மாரத்தான் அன்று வழியோரம் நின்று ஓடுகிறவர்களுக்காக சூசபோன் ஊதுகிற வழக்கம் அவருக்கு உண்டு. உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய பித்தளைக் குழல். அவர் சுண்டு விரலைப் படத்தில் தேடிப் பாருங்கள். ஆட்டத்தில் பிசகிப் பிசகி, மற்ற விரல்களை விட்டு வெளியே செங்கோணமாக நிற்கும்.

புதுக்குளிர்

இன்று சாப்பாட்டு நேரத்தில் ஆளுநர் மேல் வழக்குப் போட்டதைப் பெரியவரிடம் சொன்னேன். அவருக்கு அது தெரியவில்லை. இப்போது அவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்.