அத்தையின் மருந்து அலமாரி: கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எதை வைத்துக்கொள்ளலாம்?

தோட்டத்துவீடு எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

நாங்கள் ஊரைவிட்டுத் தள்ளி ஒரு சின்ன நிலத்தில் குடியிருக்கிறோம். ஆடு, கோழி, கிணற்றை ஒட்டிக் காய்கறிப் பாத்தி, வேலியோரம் சில தேனீப் பெட்டிகள். வீட்டில் நானும் கணவரும், என் மாமியாரும், மூன்று பிள்ளைகளும். பெரியவளுக்குப் பத்து வயது, நடுப்பையனுக்கு ஆறு, கடைக்குட்டிக்கு ஒன்பது மாதம். மருத்துவரிடம் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். அதனால் சின்ன உபாதை எல்லாவற்றுக்கும் முதலில் அத்தையின் அலமாரியைத்தான் திறப்போம்.

அத்தை கைவைத்தியத்தில் கெட்டிக்காரர். ராத்திரி பிள்ளை இருமினால் நான் கண் விழிப்பதற்குள் அவர் இஞ்சியைத் தட்டிக்கொண்டிருப்பார். அந்த அக்கறையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த மாதம் அலமாரியைத் துடைத்து அடுக்கும்போது சில விஷயங்கள் உறுத்தின.

முதலாவது பூண்டு எண்ணெய். பச்சைப் பூண்டை உரித்து, பெரிய பாட்டிலில் போட்டு, எண்ணெய் ஊற்றி அடுப்புக்கு மேல் தட்டிலேயே வைத்திருக்கிறார். எப்போது போட்டது என்று அவருக்கே நினைவில்லை. மூட்டுக்குத் தேய்ப்பதும் அதுதான், காது வலித்தால் இரண்டு சொட்டு விடுவதும் அதுதான், சில சமயம் சமையலிலும் விழும். அடுத்தது தேன். எங்கள் பெட்டியிலிருந்தே எடுக்கும் சுத்தமான தேன். கடைக்குட்டிக்குச் சளி பிடித்தபோது விரலில் தொட்டு நாக்கில் தடவலாம் என்றார். நான் எதையோ சொல்லித் தடுத்துவிட்டேன், காரணம் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம், கை சுட்டால் உடனே எண்ணெயோ மஞ்சளோ அப்புவது. வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கண்ணளவில் கலந்து கொடுப்பது.

இதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடவேண்டும்? அத்தையின் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வேலிப்பூ எழுதியது:

எங்கள் பாட்டியும் பூண்டு எண்ணெய் போட்டு வைப்பார். நாங்கள் எல்லோரும் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முகர்ந்து பாருங்கள், கெட்ட வாடை இல்லை என்றால் பயன்படுத்தலாம். தேனும் சொந்தப் பெட்டியில் எடுத்தது என்றால் கலப்படப் பயம் இல்லையே.

ஆட்டுப்பட்டி அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் பல வருடம் குழந்தைகள் வார்டில் செவிலியாக இருந்துவிட்டு, இப்போது உங்களைப் போலவே ஆடும் கோழியுமாக இருக்கிறேன். என் வீட்டிலும் மருந்து அலமாரி உண்டு. கைவைத்தியத்தை ஒதுக்கச் சொல்லி எழுதவில்லை. அந்த அலமாரியில் உங்கள் கடைக்குட்டியின் உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு பொருள் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் தேன். ஒரு வயது முடியும்வரை ஒரு துளிகூட வேண்டாம். விரலில் தொட்டுத் தடவுவதும் வேண்டாம், வேறு உணவில் கலந்தும் வேண்டாம். மண்ணிலும் தூசியிலும் இருக்கும் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் ஸ்போர்கள், அதாவது விதைபோல உறங்கிக் கிடக்கும் வடிவம், தேனில் இருக்கலாம். நமக்கு அவை ஒன்றும் செய்யாது, நம் குடலில் குடியிருக்கும் மற்ற கிருமிகள் அவற்றை வளர விடுவதில்லை. கைக்குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. அங்கே அவை முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். குழந்தைகளுக்கு இப்படி வரும் நோயை 1976-ல்தான் மருத்துவர்கள் தனியாக அடையாளம் கண்டார்கள். நம் பாட்டிமார் காலத்தில் இது யாருக்கும் தெரியாது, அதனால் அவர்கள் மேல் பழி எதுவும் இல்லை. தேன் சுத்தமா, சொந்தப் பெட்டியா என்பது இதில் எந்த மாற்றமும் செய்யாது. காய்ச்சினாலும் ஸ்போர் சாகாது. முதல் அறிகுறி பெரும்பாலும் மலச்சிக்கல். அப்புறம் பால் உறிஞ்ச வலுவில்லாமல் போகும், அழுகை மெலியும், தலை துவளும். இதில் எதைப் பார்த்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் கிளம்பிவிடுங்கள்.

பெரிய பிள்ளைகள் இருவருக்கும் இருமலுக்குத் தேன் தாராளமாகக் கொடுக்கலாம். அத்தை செய்வது அங்கே சரியேதான். 2007-ல் வெளியான ஓர் ஆய்வில் சளி இருமலோடு வந்த 105 பிள்ளைகளைப் பார்த்தார்கள். படுப்பதற்கு அரை மணி முன்பு தேன் சாப்பிட்டவர்கள், எந்த மருந்தும் சாப்பிடாதவர்களைவிடக் குறைவாக இருமி நன்றாகத் தூங்கினார்கள். அதில் 6 முதல் 11 வயதுக்குக் கொடுத்த அளவு ஒரு டீஸ்பூன். உங்கள் இருவருக்கும் அந்த அளவே போதும். இஞ்சிச் சாறு சில சொட்டு சேர்த்தால் தப்பில்லை. காரம் பிடிக்காத பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம், வேலை செய்வது தேன்தான்.

இரண்டாவது பூண்டு எண்ணெய். வேலிப்பூ சொன்னதில் எனக்கு ஒப்புதல் இல்லை. முகர்ந்து கண்டுபிடிக்க முடியாத ஆபத்து இது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். அதே கிருமிதான் இங்கேயும். பூண்டு மண்ணுக்குள் விளைவது, ஸ்போர் ஒட்டியிருக்கும். புளிப்பில்லாத பொருள். மேலே எண்ணெய் மூடியதும் காற்றும் படாது. இந்த இரண்டும் சேர்ந்து, சாதாரண வெப்பத்தில் பாட்டில் தட்டில் நின்றால் அந்தக் கிருமி வளர வேறெதுவும் தேவையில்லை. நஞ்சு உருவானாலும் வாடையோ சுவையோ மாறாமல் இருக்கும். 1985-ல் கனடாவின் வான்கூவரில் இப்படி எண்ணெயில் போட்ட பூண்டைச் சாப்பிட்ட முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். கண் இரண்டிரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, விழுங்க முடியாமல் போவது, இவைதான் அடையாளம்.

ஆகவே அந்தப் பாட்டிலைக் கொட்டிவிடுங்கள். கோழியும் ஆடும் கிளறும் இடத்தில் கொட்டாதீர்கள். இனி வேண்டுமானால் சின்னக் கிண்ணத்தில் அன்றைக்கு அன்றைக்குச் செய்யலாம். மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். காதுக்குள் மட்டும் எந்த எண்ணெயும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் வெளியிலிருந்து நமக்குத் தெரியாது, எண்ணெய் உள்ளே இறங்கிவிடும்.

சுட்ட காயத்துக்கு வருகிறேன். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். நமக்கு இரண்டு நிமிடமே நெடுநேரமாகத் தோன்றும். உடனே முடியவில்லை என்றாலும் சுட்ட மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. கிணற்று நீரை வாளியிலிருந்து விடாமல் ஊற்றினாலும் போதும். ஐஸ், எண்ணெய், மஞ்சள், பற்பசை, எதுவும் மேலே கூடாது. எண்ணெய் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும், மஞ்சள் நிறம் காயத்தின் ஆழத்தை மருத்துவரிடமிருந்து மறைத்துவிடும். முகம், கை, மடிப்பு, இல்லை பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிய காயம் என்றால் கிளம்பிவிடுங்கள். கைக்குழந்தைக்கு எந்தச் சூட்டுக் காயமானாலும் காட்டியே ஆகவேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆவி பிடிக்க வைத்த பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோய் வந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொதிநீர்ப் பாத்திரத்தைப் பிள்ளையின் மடியருகே வைக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு அத்தை செய்வது அருமையான வேலை, அளவு மட்டும் வேண்டும். சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை தட்டிச் சமமாக்கிய ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. கலந்ததும் வாயில் வைத்துப் பாருங்கள், கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். இந்த எளிய கரைசலின் அருமை 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது தெரிந்தது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கவே கொடுத்தார். சாவு வெகுவாகக் குறைந்தது. கடைக்குட்டிக்கு மட்டும் ஓஆர்எஸ் பொட்டலமே பாதுகாப்பு, சிலவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டியால் மெல்ல மெல்ல. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். அவர் தப்பு செய்கிறார் என்று தொடங்காதீர்கள். இருமலுக்குத் தேன், பேதிக்கு உப்பு சர்க்கரைத் தண்ணீர், இந்த இரண்டிலும் மருத்துவர்களே அவர் பக்கம்தான் என்பதை முதலில் சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

மண்வாசல் எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஆடு மாடு வளர்க்கும் வீட்டில் வெட்டுக்காயத்தைச் சாதாரணமாக நினைக்க முடியாது. ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கும். துருப்பிடித்த ஆணி என்றால்தான் பயப்படுகிறோம், ஆட்டுப் பட்டியில் குத்தும் முள்ளுக்கும் அதே அளவு கவனம் வேண்டும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டுச் சுத்தமான துணியால் மூடினால் போதும். சாம்பல், மஞ்சள், பச்சிலை எதையும் உள்ளே திணிக்கக் கூடாது. தடுப்பூசி பெரியவர்களுக்கும் 10 வருடத்துக்கு ஒருமுறை வேண்டும். மண்ணோ சாணமோ பட்ட காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தாலே மறுபடி போடுவார்கள். என் மனைவி எல்லோருடைய ஊசித் தேதியையும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள். அவசரத்தில் எந்தக் காகிதத்தையும் தேட வேண்டியதில்லை.

நாய் கடித்தாலோ, கீறினாலோ 15 நிமிடம் சோப்பும் தண்ணீருமாகக் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போய்விடுங்கள். வெறிநாய்க்கடி நோய் அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். இதில் கைவைத்தியத்துக்கு இடமே இல்லை.

பிள்ளைகள் மேல் உண்ணி ஏறினால் எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது எல்லாம் வேண்டாம். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுத்தால் வந்துவிடும்.

தோட்டத்துவீடு எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. நேற்று மாலை அத்தை ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் பதிலை முழுதாகப் படித்துக் காட்டினேன். 1971 முகாம் பற்றிய இடத்தை இரண்டாவது முறை படிக்கச் சொன்னார். பூண்டு எண்ணெய்ப் பகுதி வந்ததும் எழுந்து போய்ப் பாட்டிலை அவரே எடுத்து வந்துவிட்டார். வேலியைத் தாண்டிக் குழி தோண்டிப் புதைத்தோம்.

இப்போது ஒவ்வொரு டப்பாவிலும் பெயர், செய்த தேதி, யாருக்குக் கூடாது என்று எழுதி ஒட்டுகிறோம். அத்தை சொல்லச் சொல்லப் பெரியவள் எழுதுகிறாள். தேன் பாட்டிலில் "தம்பிக்குக் கிடையாது" என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாள்.

அத்தை இரண்டு கேள்வி கேட்கச் சொன்னார். தேன் கூடாது என்றால் சின்னவனுக்குச் சளி இருமல் வந்தால் என்னதான் கொடுப்பது? அப்புறம், தேன்மெழுகும் எண்ணெயும் உருக்கிக் கற்றாழைச் சோறு கலந்து வெடிப்புக்குக் களிம்பு செய்கிறார். கொஞ்ச நாளில் மேலே பூஞ்சை படர்கிறது, ஏன்?

ஆட்டுப்பட்டி அக்கா எழுதியது:

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இரண்டும் நல்ல கேள்விகள்.

சின்னவனுக்கு அடிக்கடி தாய்ப்பால், மூக்கடைத்திருந்தால் பால் கொடுக்கும் முன் உப்புநீர்ச் சொட்டு. அவ்வளவே. கடையில் விற்கும் இருமல் மருந்து இந்த வயதுக்கு வேண்டாம். கொடுப்பதைவிடக் கவனிப்பதுதான் முக்கியமான வேலை, அதை அத்தையிடமே ஒப்படையுங்கள். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணச் சொல்லுங்கள். 2 மாதம் முதல் 11 மாதம் வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகமான மூச்சு, அன்றே காட்ட வேண்டும். ஒரு வயதுக்கு மேல் அந்த எண் 40. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். இரவில் போக வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

களிம்பில் பூஞ்சை வரக் காரணம் கற்றாழைதான். அதில் பெரும்பங்கு தண்ணீர். எண்ணெயும் மெழுகும் மட்டும் இருந்தால் பூஞ்சைக்குப் பிடிப்பில்லை, தண்ணீர் சேர்ந்ததும் வந்துவிடும். கற்றாழையை அவ்வப்போது மடலை ஒடித்துத் தனியாகத் தடவட்டும். களிம்புக்கு எடையில் ஒரு பங்கு மெழுகு, நாலு பங்கு எண்ணெய். கெட்டியாக வேண்டும் என்றால் எண்ணெயைக் குறைக்கலாம். தேன்மெழுகு சுமார் 62 முதல் 64 டிகிரியில் உருகும், அதனால் நேரடித் தீயில் வைக்க வேண்டாம், தீப்பிடிக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். டப்பாவைக் கழுவி ஈரமே இல்லாமல் காயவைத்த பிறகு ஊற்றுங்கள், எடுக்கும்போதும் ஈர விரல் படக் கூடாது. பாதத்து வெடிப்புக்கும் வறண்ட கைக்கும் நன்றாகக் கேட்கும். ரத்தம் கசியும் திறந்த காயத்தில் மட்டும் தடவாதீர்கள்.