மறு: 'இம்யூன் செக்பாயின்ட்' – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

புற்றுநோய்க்குத் தரும் 'இம்யூன் செக்பாயின்ட் இன்ஹிபிட்டர்' மருந்துகளின் தமிழ்ப் பெயர் பற்றி:

> 'நோயெதிர்ப்புச் சோதனைச்சாவடித் தடுப்பான்' என்றே வைத்துக்கொள்ளலாம். மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

நெருக்கம்தான் ஐயா. ஆனால் எதிர்ப்பு, சாவடி, தடுப்பு என மூன்றுமே மறிக்கும் சொற்கள். எது எதைத் தடுக்கிறது என்று நோயாளி எப்படி அறிவார்? நோயெதிர்ப்பையே தடுக்கும் மருந்து என்று படித்துவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

நோயெதிர்ப்புச் செல்லான டி-செல்லின் மேற்பரப்பிலுள்ள சிடிஎல்ஏ-4, பிடி-1 ஆகிய புரதங்கள் அந்தச் செல்லின் வேகத்தை அடக்குகின்றன. சொந்தத் திசுவைத் தாக்காதிருக்க இந்த அடக்கம் வேண்டும். புற்றுச்செல்கள் பலவும் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி, பிடி-1-ஐ இயக்கித் தப்பிவிடுகின்றன. 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இபிலிமுமாப் என்ற இவ்வகை மருந்து, சிடிஎல்ஏ-4-ஐப் பற்றிக்கொண்டு அதன் வேலையை முடக்குகிறது, டி-செல் விடுபடுகிறது. சிடிஎல்ஏ-4 வழியைத் திறந்த ஜேம்ஸ் ஆலிசனும் பிடி-1-ஐக் கண்டறிந்த தசுகு ஹோஞ்சோவும் 2018 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதில் சோதித்து அனுப்பும் வேலை எங்கே இருக்கிறது? பிடித்து நிறுத்தும் வேலைதான். ஆகவே 'நோயெதிர்ப்புக் கடிவாளம்' என்று பரிந்துரைக்கிறேன். மருந்துக்குக் 'கடிவாளத் தளர்த்தி'. கடிவாளம் தளர்ந்தால் டி-செல் சொந்தத் திசுவையும் தாக்கக்கூடும்; இம்மருந்து பெறுவோரில் சிலருக்குப் பெருங்குடல் அழற்சியும் தைராய்டு கோளாறும் ஏன் வருகின்றன என்பது பெயரிலேயே விளங்கும். வயிற்றுப்போக்கு தொடங்கியதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதை நோயாளி உணர்வதற்கு இது உதவும். எனக்கு அதுதான் முதன்மை.

தன்னுடல் தாக்கு நோய்களுக்கும் இதே சொல் கைகொடுக்கும். முடக்குவாதத்துக்குத் தரும் அபடாசெப்ட், சிடிஎல்ஏ-4-இன் ஒரு பகுதியை எதிர்ப்பொருளின் துண்டோடு இணைத்துச் செய்தது. அதைக் 'கடிவாள இறுக்கி' எனலாமே.

---

> அதைக் 'கடிவாள இறுக்கி' எனலாமே.

'தளர்த்தி'யை முழு மனதோடு ஏற்கிறேன் அம்மா. அபடாசெப்ட்டுக்கு 'இறுக்கி' மட்டும் வேண்டாம். அது டி-செல்லின் மேலுள்ள கடிவாளத்தைத் தொடுவதே இல்லை. டி-செல்லைத் தூண்ட எதிரே நிற்கும் வேறொரு செல்லின் சிடி80, சிடி86 புரதங்களில் போய் ஒட்டிக்கொண்டு, டி-செல்லுக்குச் சேர வேண்டிய ஊக்கச் சைகையைக் கிடைக்காமல் செய்கிறது. 'இணையூக்கத் தடுப்பி' என்பதே அதற்குச் சரி.

பிடி-1-ஐ நேரடியாக இயக்கும் மருந்துகளுக்காக 'இறுக்கி'யை ஒதுக்கி வைப்போம். முடக்குவாத நோயாளிகளிடம் சோதிக்கப்பட்ட பெரெசோலிமாப் அந்த வகை. வேறு மறுப்பு இல்லையென்றால் 'தளர்த்தி', 'இறுக்கி', 'இணையூக்கத் தடுப்பி' ஆகிய மூன்று சொற்களையும் தனித்தனிப் பதிவாகக் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாம்.