வெங்கர் விட்டுச்சென்ற ஆர்சனலும் எமெரியின் பதினெட்டு மாதங்களும்

வடகரைவாசி (கேள்வி):
லண்டன் கால்பந்து அணியான ஆர்சனலின் ரசிகர்களுக்குள் இன்னும் தீராத வழக்கு ஒன்று உண்டு. 22 ஆண்டுகள் பயிற்சியாளர் பொறுப்பில் இருந்த ஆர்சன் வெங்கர் 2018இல் விலகியபோது அணியை எந்த நிலையில் ஒப்படைத்தார்? அவருக்குப் பின் வந்த உனாய் எமெரி 2019 நவம்பரில் நீக்கப்பட்டதற்கு அவருடைய குறைகள்தாம் காரணமா, கைக்கு வந்த அணியே அப்படித்தான் இருந்ததா? 'வெங்கர் போக வேண்டும்' என்று அன்று வரிந்துகட்டி வாதாடிய என் நண்பர்கள் சிலர், 2023இல் மைதானத்தின் வெளியே அவருக்குச் சிலை வைத்த செய்தியைப் பெருமையோடு பகிர்ந்தார்கள். எமெரியின் பெயரை எடுத்தால் மட்டும் அவர்களுக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

கடிகாரமுனை:
சிலைக்கு அவர் தகுதியானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் மூன்று பட்டங்கள், நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையில் ஏழு வெற்றிகள், 2003-04இல் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காத பருவம் ஆகியவற்றை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 2006இல் பழைய மைதானமான ஹைபரியிலிருந்து அறுபதாயிரம் பேர் அமரும் எமிரேட்ஸுக்குக் குடிபெயர்ந்தபின், கடன் சுமையால் செலவைச் சுருக்கிய ஆண்டுகளிலும் லீக்கில் முதல் நான்கு இடங்களில் வருவோர் தகுதிபெறும் ஐரோப்பியப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் அணியைத் தவறாமல் நிறுத்தியவர் அவர். அந்த உழைப்பைக் கோப்பைக் கணக்கில் சேர்க்க முடியாது. எமெரிக்கு அப்படிப்பட்ட நெருக்கடி எதுவும் இல்லை.

எண்கணக்கன்:
கடன் கதை 2013 வரை செல்லும். அந்த ஆண்டு ஜெர்மன் வீரர் ஓசிலை 42.5 மில்லியன் பவுண்டுக்கு வாங்கிய பிறகு அதையே சொல்லிக்கொண்டிருக்க முடியாது. 2017இல் சாம்பியன்ஸ் லீக்கில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கிடம் இரு ஆட்டங்களிலும் சேர்த்து 10-2 என்று தோற்றதற்குப் பணமுடையா காரணம்? வெங்கரின் கடைசிப் பருவத்தில், 2018 பிறந்ததிலிருந்து ஏழு வெளிமைதான லீக் ஆட்டங்களில் தொடர்ந்து தோற்று, இறுதி நாளில் ஹடர்ஸ்ஃபீல்டில்தான் முதல் வெற்றி கிடைத்தது. அந்தப் பருவத்தில் லீக்கில் வாங்கிய கோல்கள் 51. எமெரியின் முதல் பருவத்திலும் அதே 51. தற்காப்பு அப்படியே இருக்க, புள்ளிகள் மட்டும் 63இலிருந்து 70 ஆயின. உத்தரம் உளுத்த வீட்டுக்குக் குடிவந்தவரிடம் கூரை ஏன் ஒழுகுகிறது என்று கேட்கிறோம்.

கடிகாரமுனை:
அந்த 70 புள்ளிகள் ஐந்தாம் இடத்துக்குத்தான் போதுமானவையாக இருந்தன, நான்காவதாக வந்த டாட்டனம் 71 புள்ளிகள் பெற்றது. 2019 ஏப்ரல், மே மாதங்களில் கிரிஸ்டல் பேலஸ், வுல்வ்ஸ், லெஸ்டர் ஆகிய மூன்று அணிகளிடமும் அடுத்தடுத்துத் தோற்று, பிரைட்டனுடன் சமன் செய்து, நான்கு ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி எடுத்தது வெங்கரின் அணியன்று. சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கின், பாக்கூவில் நடந்த இறுதியாட்டத்தில் செல்சியிடம் 4-1 என்று தோற்றதையும் முன்னவர் தலையில் கட்டப் போகிறீர்களா?

தென்மேடை:
எமெரியின் உண்மையான குறை தற்காப்பு அன்று, முடிவெடுக்கத் தயங்கியது. 2019-20 பருவம் தொடங்கி வாரக்கணக்கில் அணித்தலைவர் யார் என்பதே உறுதியாகாமல் இழுத்து, வீரர்களின் வாக்கைக் கேட்டு நடுக்கள வீரர் ஷாக்காவை அறிவித்தார்; அக்டோபரில் பேலஸுக்கு எதிரான ஆட்டத்தில் மாற்றப்பட்டபோது சொந்த மைதானமே ஷாக்காவை எள்ளியது, அவரும் தலைவர் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியேறினார். அன்றே எமெரியின் பிடி தளர்ந்தது. ஆனால் திறமையற்றவர் என்று அவரை ஒதுக்குபவர்கள், 2021இல் அவர் பயிற்றுவித்த ஸ்பானிய அணி வில்லாரியல் அரையிறுதியில் நம்மையே வெளியேற்றி யூரோப்பா லீக்கை வென்றதையும், பின்னர் இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லாவை அவர் சாம்பியன்ஸ் லீக்குக்குக் கொண்டுபோனதையும் என்ன செய்வார்கள்?

எண்கணக்கன்:
இன்னொன்றையும் பாருங்கள். ஏழு ஆட்டங்கள் வெற்றியின்றிப் போனதும் எமெரி நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஆர்தேத்தா 2020இல் எஃப்ஏ கோப்பையை வென்றார் என்றாலும், லீக்கில் தொடர்ந்து இரு பருவங்கள் எட்டாம் இடத்தில் முடித்தார். நிர்வாகம் அவரை விட்டுவைத்தது. வெங்கருக்கு உடனடி அடுத்தவராக ஆர்தேத்தா வந்து எட்டாம் இடத்தில் முடித்திருந்தால், அந்தப் பொறுமையை நாம் அவருக்குத் தந்திருப்போமா?