சம்பளம் ஏறுது, கையில மட்டும் ஒண்ணும் நிக்கல. எந்தப் பழக்கத்தை மாத்தணும்?

கேள்வி

வேலைக்குச் சேர்ந்து 8 வருஷம் ஆச்சு. சேர்ந்தப்போ வாங்கினதைவிட இப்போ ரெண்டு மடங்குக்கு மேல வாங்குறேன். ஆனா மாசக் கடைசி வாரம் இன்னமும் அதே இழுபறிதான். குடி, சூதாட்டம் எதுவும் கிடையாது. செலவு எழுதுற செயலி மூணு போட்டுப் பார்த்து, மூணையும் அழிச்சாச்சு. கிரெடிட் கார்டு ஒண்ணு இருக்கு, மாசாமாசம் குறைந்தபட்சத் தொகையைத் தவறாம கட்டிடுவேன். என்கூடவே சேர்ந்தவர், அதே சம்பளம், நிம்மதியா இருக்கார். அவர்கிட்ட கேட்கக் கூச்சம், அதான் இங்க வந்தேன். "ஆசையைக் குறை" தவிர வேற ஏதாவது சொல்லுங்க.

பதில் 1

செயலி வேண்டாம் ப்ரோ. ஒரு நோட்டுல கையால எழுதுங்க. எழுதும்போதே உறுத்தும்.

பதில் 2

நோட்டைக் குறை சொல்லல, நானும் வருஷக்கணக்கா எழுதினவதான். ஆனா பணம் எந்த வழியாப் போச்சுன்னு நோட்டு சொல்லும், போறப்போ கையைப் பிடிக்காது.

22 வருஷமா சம்பளப் பட்டியல் போடுற வேலை எனக்கு. யார் முன்பணம் கேட்டு வருவாங்க, எந்தத் தேதிக்கு வருவாங்க, எல்லாம் மனப்பாடம். குறைஞ்ச சம்பளக்காரங்கதான் வருவாங்கன்னு நினைச்சுடாதீங்க தம்பி. மேனேஜரும் வருவார். கதவைச் சாத்திட்டுக் கேட்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

வராதவங்க எல்லாம் சிக்கனக்காரங்களான்னா அதுவும் இல்ல. அதுல ரெண்டு பேர் தாராளமா செலவு பண்றவங்க. ஆனா முக்கால்வாசிப் பேர், சம்பளம் விழுற அன்னைக்கே ஒரு பங்கு வேற கணக்குக்குப் போகணும்னு எழுதிக் கொடுத்திருந்தாங்க. மிச்சத்தைத்தான் அவங்க சம்பளம்னே நினைக்கிறாங்க. நான் அதுவரைக்கும் மாசக் கடைசியில மிஞ்சுறதைச் சேமிச்சுட்டு இருந்தேன், அதாவது சேமிக்கவே இல்ல.

இன்னொண்ணு. என் நோட்டுல "எதிர்பாராத செலவு"ன்னு ஒரு தலைப்பு இருந்தது. ஒரு வருஷத்துக்கு 11 வரி. உட்கார்ந்து படிச்சா, அதுல 9 வருஷா வருஷம் வர்றது. இன்சூரன்ஸ், பிள்ளைங்க ஃபீஸ், வண்டி சர்வீஸ்... தேதிகூடத் தெரியும், அதுக்குப் பேரு எதிர்பாராததாம்! மொத்தத்தையும் 12ஆல வகுத்து மாசாமாசம் தனிக் கணக்குல போட ஆரம்பிச்சதும் என் பதற்றத்துல பாதி போயிடுச்சு.

சம்பள உயர்வுக்கு வருவோம். தாலர், பெனார்ட்ஸின்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் 2004ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. இனிமே வரப்போற உயர்வுல ஒரு பங்கு சேமிப்புக்குப் போகட்டும்னு ஊழியர்கள்கிட்ட முன்கூட்டியே சம்மதம் வாங்கினாங்க. சேர்ந்தவங்களோட சேமிப்பு, சம்பளத்துல 3.5 சதவீதமா இருந்தது, 40 மாசத்துல 13.6 சதவீதம் ஆச்சு. கைக்கு வந்ததைப் பிடுங்கினாத்தானே வலிக்கும். வராததுல பிடிச்சா தெரியறதில்ல.

பதில் 3

அக்கா சொல்றது எல்லாம் சரி, ஆனா கார்டை எப்படி விட்டீங்க? அதுதான் முதல் ஓட்டை. மாச வட்டி 3 சதவீதம்னு வெச்சுக்கோங்க. இரட்டிக்கிற காலத்தைத் தோராயமா பார்க்க 72ஐ வட்டி சதவீதத்தால வகுப்பாங்க. 72ஐ 3ஆல வகுத்தா 24. கட்டாம விட்டா 24 மாசத்துல கடன் இரட்டிக்கும். வருஷத்துக்கு 6 சதவீதம் தர்ற சேமிப்பு இரட்டிக்க 12 வருஷம். இதை வெச்சுக்கிட்டு அதைச் சேர்க்கிறது எந்தக் கணக்கு? பாக்கி நின்னா, பெரும்பாலான கார்டுகள்ல புதுசா வாங்குற பொருளுக்கும் அன்னையிலிருந்தே வட்டி ஓடும். கடன் தீர்ற வரைக்கும் சேமிப்பே வேண்டாம்னுதான் சொல்வேன்.

பதில் 2

கார்டை நான் கவனிக்கல, நீங்க பிடிச்சது நல்லது. ஆனா கையில ஒண்ணுமே இல்லாம கடனை அடைச்சா, அடுத்து வண்டி ரிப்பேர் வந்ததும் அதே கார்டைத்தான் தேய்ப்பார். ஒரு மாசச் செலவுக்கான தொகை தனியா இருக்கட்டும், மீதி மொத்தமும் கார்டுக்கு. தம்பி, சம்பளத்துல 10 சதவீதம் ஒதுக்கிட்டு மிச்ச 90ல மாசத்தை ஓட்டினா அந்த ஒரு மாசத் தொகை சேர 9 மாசம் ஆகும், 25 ஒதுக்கி 75ல ஓட்டினா 3 மாசம். உங்களால எது முடியும்னு பாருங்க.

கேட்டவர்

கார்டு கணக்கு அறிக்கையை இன்னைக்குத்தான் முழுசாப் படிச்சேன். இந்த வருஷம் கட்டினதுல பாதிக்கு மேல வட்டிக்கே போயிருக்கு. போன உயர்வு எங்க போச்சுன்னும் தெரிஞ்சுடுச்சு. அது வந்த அடுத்த மாசமே பெரிய வீட்டுக்கு மாறினோம்.

அடுத்த உயர்வுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. சம்பளத்தைப் பிரிச்சுப் போட படிவம் இருக்கான்னு எங்க சம்பளப் பிரிவுல கேட்டேன் அக்கா. ஒரு மாதிரி பார்த்தாங்க.

பதில் 2

நாங்க எல்லாரையும் அப்படித்தான் பார்ப்போம். படிவத்தை வாங்கிட்டு வந்துடுங்க.