வேப்பமரத் தெரு புத்தக அலமாரி: குண்டுப் பொண்ணு, காதல், காமெடி

*சனிக்கிழமை*

காலை 9:12, பிரியா (அட்மின்): எல்லாருக்கும் வணக்கம். அலமாரிக்கு இந்த மாசம் ரெண்டு புத்தகம் வாங்கக் காசு இருக்கு. எடை, உடம்பைப் பத்தின தாழ்வு மனப்பான்மை, காதல், சிரிப்பு எல்லாம் சேர்ந்த நாவல் வேணும்னு மூணு வீட்ல கேட்டிருக்காங்க. கைவசம் இருக்கற பேர்கள்: பிரிட்ஜெட் ஜோன்ஸ் டைரி (1996), ஜெமிமா ஜே (1998), குட் இன் பெட் (2001), பெட் மீ (2004), டம்ப்ளின் (2015). எது வேணும், ஏன் வேணும்னு சொல்லுங்க. கதை முடிவை உடைக்கறவங்க முன்னாடியே எச்சரிச்சிடுங்க 🙏

9:20, செல்வி அக்கா: ஜெமிமா ஜே வேண்டாம். என் ஓட்டு அவ்ளோதான்.

9:21, கார்த்திக் 2சி: ஏன்க்கா? நெட்ல நிறைய பேர் பிடிச்சிருக்குன்னு எழுதியிருக்காங்களே

9:34, வசந்தா டீச்சர்: செல்வி சொல்றது சரி. முடிவு உடையும், வேண்டாம்னா தாண்டிப் போயிடுங்க. இந்த வகை நாவல்ல ரெண்டே ரெண்டு இடத்தைப் பார்த்தா போதும். காதலன் வாயைத் திறந்து சொல்றது எந்தப் பக்கம், எடை குறையறது எந்தப் பக்கம். எடை முதல்ல, காதல் பிறகுன்னு வந்தா காதலை மெலிஞ்சதுக்குப் பரிசா வச்சிருக்காங்கன்னு அர்த்தம். நடுவுல எத்தனை நல்ல வசனம் எழுதினாலும் அந்த வரிசையை மாத்த முடியாது. ஜெமிமா பத்திரிகை ஆபீஸ்ல வேலை பார்க்கறா, கூட வேலை செய்யற பென் மேல ஆசை. மெலிஞ்ச பிறகுதான் அவன் கண்ணுக்குக் காதலியாப் படறா.

9:37, ராகவன் சார்: டீச்சர், ஒரு நிமிஷம். அதுல பிராட் இருக்கானே. இணையத்துல பழகின அமெரிக்காக்காரன். உண்மையில அவனுக்குப் பிடிச்சது குண்டான ஜென்னியைத்தான். ஊர் பார்க்க ஒல்லியான காதலி வேணும்னு ஜெமிமாவை வச்சுக்கறான். ஆசிரியருக்கு விஷயம் தெரியாம இல்லை.

9:41, வசந்தா டீச்சர்: தெரிஞ்சும் விட்டுட்டாங்களேங்கறதுதான் என் கோபம் சார். ஒருத்தன் விரும்பறான், ஆனா வெளிய சொல்ல வெட்கப்படறான். அந்த ஜென்னி கண்ணு வழியா நாலு அத்தியாயம் எழுதியிருந்தா புத்தகம் எங்கேயோ போயிருக்கும். அவளைக் கதைத் திருப்பத்துக்கு மட்டும் கூப்பிட்டுட்டு அனுப்பிடறாங்க.

9:55, ஷாகிதா (டயட்டீஷியன், 4ஏ): எனக்கு அந்தப் புத்தகத்துல கணக்கே இடிக்குது. ஜெமிமா குறைக்கறது 100 பவுண்டு கிட்ட, அதாவது 45 கிலோ. ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி. தினம் 500 கலோரி குறைச்சா வாரத்துக்கு அரைக் கிலோ கிட்ட, 1,000 குறைச்சா ஒரு கிலோ கிட்ட. எந்தத் தடங்கலும் இல்லாம போனாலே 45 கிலோவுக்கு சுமார் 50 முதல் 100 வாரம்.

9:56, ஷாகிதா: தடங்கல் இல்லாமலும் போகாது. உடம்பு சிறுத்தா அதுக்குத் தேவைப்படற கலோரியும் குறையும். முதல் மாசம் வேலை செஞ்ச அதே சாப்பாடு ஆறாவது மாசம் எடையை நகர்த்தாது. அவசரப்பட்டா ரெண்டு மூணு மாசத்துல முடி கொட்டும், பித்தப்பையில கல் வரலாம். அவ்ளோ எடை இறங்கினா வயித்துல, கைல தோல் தொங்கும். காதல் நாவல்ல ஒரு நாயகிக்காவது தோல் தொங்கிப் பார்த்திருக்கீங்களா? ஜிம்ல ரெண்டு காட்சி, புது முடிவெட்டு, புது டிரஸ், முடிஞ்சது.

9:58, செல்வி அக்கா: 😂 நம்ம மாத நாவல்ல அந்தக் கஷ்டமே இல்லை. முதல் பக்கத்துலயே கொடி இடை.

10:03, முத்து அண்ணா: மோட்டார் ஓடிட்டே இருக்கு, டேங்க் வழியுது. பி பிளாக் யாராவது கீழ இறங்குங்க

10:03, பிரியா (அட்மின்): அண்ணா, இது புத்தக குரூப்

10:04, முத்து அண்ணா: தெரியும்மா. அந்த குரூப்ல யாரும் பார்க்கலை

10:15, கார்த்திக் 2சி: பிரிட்ஜெட் ஜோன்ஸ் எடுத்துப் பார்த்தேன். முதல் நாள் குறிப்புல 9 ஸ்டோன் 3ன்னு இருக்கு. மாத்திப் பார்த்தா 58.5 கிலோ வருது. இது குண்டா???

10:19, ஷாகிதா: ஒரு ஸ்டோன் 14 பவுண்டு, 6.35 கிலோ. உன் கணக்கு சரி. உயரம் இல்லாம வெறும் எடையை வச்சு எதுவும் சொல்ல முடியாது. 165 செ.மீ. உயரம்னா பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்ளோங்கற அளவு) 21.5, அதுல எந்தக் குறையும் இல்லை. 160னா 22.9. 155னா 24.3. நம்ம ஊர் அளவுகோல்ல 23 தாண்டினா அதிக எடைக் கணக்கு, அவங்க ஊர்ல 25. எப்படிப் பார்த்தாலும் "குண்டு" கிடையாது.

10:26, ராகவன் சார்: அதுதானே அங்க காமெடி. தினக் குறிப்பு ஒவ்வொண்ணும் எடை, எத்தனை யூனிட் மது, எத்தனை சிகரெட், எத்தனை கலோரின்னு தொடங்கும். பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள அவளே மார்க் போட்டுக்குவா. முதல்ல 1995ல இண்டிபெண்டன்ட் பேப்பர்ல பத்தியா வந்தது, அதனால அந்த அமைப்பு. நாலு எண்ணைப் பார்த்தாலே நேத்து ராத்திரி என்ன நடந்திருக்கும்னு வாசகனுக்குப் புரிஞ்சிடும். கேலி அவ உடம்பு மேல இல்லை, அந்தக் கணக்குப் பழக்கத்து மேல.

10:28, ராகவன் சார்: நடுவுல ஒரு இடம் வரும். ரொம்ப நாள் ஆசைப்பட்ட 8 ஸ்டோன் 7, அதாவது 54 கிலோவைத் தொட்டுடறா. பார்ட்டிக்குப் போனா எல்லாரும் "உடம்பு சரியில்லையா, களைச்ச மாதிரி இருக்கே"ங்கறாங்க. முன்னாடியே நல்லா இருந்தேன்னு நண்பனே சொல்லிடறான். 18 வருஷம் கூட்டிக் கழிச்சது வீணாங்கற கேள்வியோட வீட்டுக்கு வர்றா. வித்தியாசம் நாலரைக் கிலோ. புத்தகத்துலயே நல்ல பகுதி அதுதான். இதை வச்சு எடுத்த படத்துக்கு டிக்கெட் வாங்கினவங்க பலருக்கு இது தெரியாது.

10:40, செல்வி அக்கா: சார், உங்களுக்கு அது கேலின்னு தெரியுது. பதினஞ்சு வயசுப் பொண்ணு படிச்சா? 58.5ல இருக்கற ஒருத்தி பக்கத்துக்குப் பக்கம் "ஐயோ குண்டு"ங்கறா. அந்தப் பொண்ணு 62 கிலோ இருந்தா என்ன நினைக்கும்? 58.5 சாதாரண எடைன்னு ஏற்கெனவே தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் அந்த ஜோக் புரியும்.

10:44, ஷாகிதா: செல்வி அக்கா சொல்றதை நான் அப்படியே ஒத்துக்கறேன். கலோரியையும் எடையையும் தினம் எழுதி வைக்கறது சாப்பாட்டுப் பிரச்சனை இருக்கற பிள்ளைகளுக்கு நல்லதில்லை. அந்த வரிகள் அவங்களுக்குச் சிரிப்பா இருக்காது, பார்த்துச் செய்யற மாதிரி ஆயிடும்.

10:47, ராகவன் சார்: ம். அது உண்மைதான். பெரியவங்க தட்டுல வைக்கலாம். உள்அட்டைல கிலோக் கணக்கும் உடுப்பு அளவும் ஒரு சீட்டுல எழுதி ஒட்டிடலாம். பிரிட்டன் அளவுல 4 கழிச்சா அமெரிக்க அளவு, பிரிட்டன்ல 16னா அமெரிக்காவுல 12. இது தெரியாம பிரிட்டன் ஜெமிமாவையும் அமெரிக்க டம்ப்ளினையும் அடுத்தடுத்துப் படிச்சா எல்லாம் குழம்பும்.

11:10, பிரியா (அட்மின்): பெட் மீ பத்தி யாரும் பேசலையே?

11:18, வசந்தா டீச்சர்: அது தேறும். நாயகி பேரு மின் (Min). இன்ஷூரன்ஸ் கம்பெனில ஆக்சுவரி, அதாவது ஆபத்தைக் கணக்குப் போடற வேலை. எதையும் நிகழ்தகவா பார்க்கறவ. தங்கை கல்யாணத்துக்குத் தோழிப்பெண் உடுப்புக்குள்ள நுழையணும்னு மாவுச்சத்தை நிறுத்திட்டா. அவ அம்மா நானெட் ஒரு வாய் ரொட்டியைக்கூட விடாம எண்ணுவா. காதலன் பேரு கால் (Cal), அவளை இருக்கற உடம்போட விரும்பறான், கடைசி வரைக்கும் எடை குறையறதில்லை. நான் சொன்ன வரிசைப்படி பாஸ்.

11:24, ஷாகிதா: சமையல் பகுதியும் ஒழுங்கா இருக்கு. சிக்கன் மார்சாலாவை மின் டயட்டுக்குன்னு மாத்திச் செய்யப் போய்க் கெடுத்துக்கறா. நிஜத்துலயும் அது அப்படித்தான் கெடும். நெஞ்சுக்கறியைத் தட்டி மெலிசாக்கி, மைதாவுல புரட்டி, எண்ணெயும் வெண்ணெயும் விட்டுச் சிவக்க விடணும். பிறகு காளான், மார்சாலா ஒயின், சுண்டற வரைக்கும். மைதா இல்லைன்னா சாறு கெட்டியாகாது. கொழுப்பு இல்லைன்னா கறி சட்டியில ஒட்டி வறண்டுடும்.

11:30, செல்வி அக்கா: எனக்கு அதுல ஒரு நெருடல். அவ வேண்டாம் வேண்டாம்ங்கறா, அவன் டோனட்டை வாயில ஊட்டறான். அம்மா சாப்பிடாதேங்கறா, இவன் சாப்பிடுங்கறான். ரெண்டு பேரும் அவ தட்டுலதானே கை வைக்கறாங்க?

11:33, வசந்தா டீச்சர்: நல்ல கேள்வி. நிறைய வாசகர்கள் அந்தக் காட்சியைத்தான் ரொம்ப ரசிக்கறாங்க, அதனால யாரும் கேட்கறதில்லை. பதில் என்கிட்ட இல்லை செல்வி.

11:36, கார்த்திக் 2சி: நம்ம ஊர்ல இஞ்சி இடுப்பழகி (2015) இருக்கே டீச்சர். அனுஷ்கா எடை கூட்டியே நடிச்சாங்க

11:45, ராகவன் சார்: முதல் பாதியில ஊர்வசி அம்மாவா வந்து மாப்பிள்ளை தேடற வரைக்கும் காமெடி. பிறகு ஸ்லிம்மிங் சென்டரை எதிர்த்துப் பிரசாரப் படமாயிடுது. சொல்ல வந்தது நியாயம், ஆனா காதல் ஓரத்துக்குப் போயிடுச்சு. அதே வருஷம் இந்தியில வந்த தம் லகா கே ஹைஷா அதைவிட நிதானம். 1990கள் ஹரித்வார், கேசட் கடைக்காரன், பி.எட். படிச்ச மனைவி. நண்பர்கள் முன்னாடி அவன் கேவலமா பேசினதும் அறை விட்டுட்டுப் பிறந்த வீட்டுக்குப் போயிடறா. கடைசில மனைவியைத் தூக்கிட்டு ஓடற பந்தயம். கேலிக்குன்னு வந்த எடை அங்க போட்டியோட விதியாயிடுது.

12:05, பிரியா (அட்மின்): அப்ப டம்ப்ளின்?

12:17, வசந்தா டீச்சர்: என் முதல் ஓட்டு அதுக்குத்தான். டெக்சாஸ் சின்ன ஊர், வில்லோடீன் பள்ளிக்கூடப் பொண்ணு. அம்மா பழைய அழகிப் போட்டி ராணி, இப்ப அந்தப் போட்டியை நடத்தறவ. பொண்ணுக்குத் தன் உடம்பு மேல பெரிய புகார் இல்லை. போ (Bo)ங்கற பையன் முத்தம் கொடுத்து இடுப்புல கை வைக்கும்போதுதான் உடம்பு கூசிப் பின்வாங்கறா. காதல் கிடைச்சா தாழ்வு மனப்பான்மை போயிடும்னு மத்த நாவல்கள் சொல்லும். இங்க காதல் வந்த பிறகுதான் அது கிளம்புது. ரொம்பச் சரியான கவனிப்பு.

12:20, கார்த்திக் 2சி: குறையே இல்லையா?

12:24, வசந்தா டீச்சர்: இருக்கு. போ ரொம்ப அழகன், பேசறது கம்மி. அவளை ஏன் பிடிச்சதுன்னு நமக்குப் பாதிதான் தெரியும். நடுவுல மிச்னு இன்னொரு பையன், அவன் வந்து போறதால கதை இழுக்குது. வில்லோடீனும் அந்த அழகிப் போட்டியில இறங்கறா, அவகூட வர்ற பொண்ணுங்க பகுதி அதை ஈடுகட்டிடுது.

12:31, செல்வி அக்கா: ரெண்டாவது குட் இன் பெட். பழைய காதலன் பத்திரிகைல "குண்டான பெண்ணைக் காதலிப்பது" பத்திக் கட்டுரை எழுதறான், நாயகி கேனி அதைப் படிக்கறா. அங்க தொடங்குது. எடைக் குறைப்பு மருந்து ஆய்வுல சேரப் போனா கர்ப்பம்னு தெரிஞ்சு எடுக்க மாட்டாங்க. முடிவு உடையும்: குழந்தை குறைமாசத்துல பிறக்குது. துக்கத்துலயும் கோபத்துலயும் பிலடெல்பியா முழுக்க நடந்து நடந்து மெலிஞ்சு போயிடறா. நாவல் அதைக் கொண்டாடவே இல்லை. டீச்சர், உங்க வரிசைக் கணக்குக்கு இது எப்படி?

12:36, வசந்தா டீச்சர்: மெலிஞ்சது அங்க பரிசு இல்லை, காயம். பாஸ்தான். கடைசிப் பகுதி கொஞ்சம் அதிர்ஷ்டம் அதிகம், எல்லாம் கூடி வந்துடும். காமெடின்னா அது கேட்கத்தானே செய்யும்.

12:40, பிரியா (அட்மின்): சரி, டம்ப்ளின், குட் இன் பெட் ரெண்டும் ஆர்டர் போடறேன். பிரிட்ஜெட் பழைய பிரதி கிடைச்சா மேல் தட்டு, ராகவன் சார் சீட்டோட.

12:42, முத்து அண்ணா: அந்த ரெண்டாவது புத்தகம் பேரு… அலமாரி லிஃப்ட் பக்கத்துல இருக்கு, எங்க அம்மா தினம் அங்கதான் உட்காருவாங்க. பிரவுன் அட்டை போட்டுடலாமா?

12:43, செல்வி அக்கா: போடுங்க அண்ணா. அட்டை போட்டதைத்தான் உங்க அம்மா முதல்ல எடுப்பாங்க 😄

12:44, முத்து அண்ணா: மோட்டாரை யாரு நிறுத்தினது? தேங்க்ஸ்