ஜோகன்னஸ்பர்க் குளிர்காலம்: வாடகை வீட்டில் மின்செலவைக் குறைத்துக்கொண்டே குளிரைச் சமாளிப்பது எப்படி?

கேள்வி (எழுதியவர்: மிட்ராண்ட் வாசகன்)

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாகச் சென்ற அக்டோபரில் திருநெல்வேலியிலிருந்து வந்து, ஜோகன்னஸ்பர்க்கின் மிட்ராண்ட் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். நான், மனைவி, நான்கு வயது மகள், எழுபது வயதைக் கடந்த என் தாயார் ஆகிய நால்வருக்கும் இதுவே முதல் குளிர்காலம். ஆப்பிரிக்கா என்றாலே வெயில்தான் என்று எண்ணி வந்தவர்கள் நாங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் ஜூன் மாதத்து விடியற்காலை எப்படியிருக்கும் என்பதை இப்போதுதான் அறிகிறோம். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், இங்கே ஆடியே இரண்டையும் துளைத்துவிடும் போலிருக்கிறது" என்று அம்மா சொல்கிறார்.

காலை ஐந்து மணிக்கு வரவேற்பறையில் வைத்த வெப்பமானி 9 டிகிரி காட்டுகிறது. தரை முழுவதும் டைல்ஸ். ஜன்னல்கள் இரும்புச் சட்டமும் ஒற்றைக் கண்ணாடியும் கொண்டவை. 1,500 வாட் எண்ணெய் ஹீட்டர் இரண்டு வாங்கினோம். ஒன்று மாலை ஐந்திலிருந்து பத்து வரை வரவேற்பறையிலும், மற்றொன்று இரவு முழுவதும் படுக்கையறையிலும் ஓடுகின்றன. ஏப்ரலில் 420 யூனிட்டாக இருந்த மின்செலவு ஜூனில் 910 யூனிட்டாகிவிட்டது. பிரீபெய்டு மீட்டரில், முன்பணம் கட்டி வாங்கிய இருபது இலக்க எண்ணை அடித்த மூன்றாம் நாளே அது மறுபடியும் எச்சரிக்கை ஒலி எழுப்புகிறது.

எரிவாயு ஹீட்டருக்கு மாறலாமா? கீசரைப் பகலில் அணைத்து வைத்தால் பயன் உண்டா? வீடு எங்களுடையதன்று என்பதால் சுவரை இடிக்கவோ ஜன்னலை மாற்றவோ இயலாது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1 (எழுதியவர்: மின்பணியாளர், பிரிட்டோரியா)

வணக்கம் நண்பரே. இருபது ஆண்டுகளாக வீடுகளின் மின்பணியைச் செய்துவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் எண்ணிக்கையோடு கேட்டிருப்பதால் எண்ணிக்கையோடே பதில் சொல்ல முடிகிறது.

உங்கள் ஹீட்டர்களின் கணக்கை முதலில் பார்ப்போம். வரவேற்பறை ஹீட்டர் ஐந்து மணி நேரத்துக்கு 7.5 யூனிட். படுக்கையறை ஹீட்டர் தானாக அணைந்து அணைந்து எரிவதால் இரவுக்கு 5 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக மாதத்துக்கு ஏறத்தாழ 375 யூனிட். உங்கள் கூடுதல் செலவோ 490 யூனிட். மீதமுள்ள 115 யூனிட் எங்கே போனது என்றால், பெரும்பாலும் கீசருக்குள்தான் போயிருக்கும். குளிர்காலத்தில் குழாயில் வரும் நீரே பல டிகிரி குளிர்ந்து வருகிறது. நாமும் வெந்நீரில் சற்று அதிக நேரம் நிற்கிறோம். ஹீட்டர் கண்ணெதிரே இருப்பதால் பழி முழுவதையும் அது சுமக்கிறது; கீசர் சீலிங்குக்கு மேலே ஒளிந்திருந்து தப்பித்துக்கொள்கிறது.

150 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த ஏறக்குறைய 8 யூனிட் தேவை. பழைய ஷவர் நிமிடத்துக்கு 15 லிட்டர் வரை கொட்டும். ஒருவர் பத்து நிமிடம் நின்றால் 4 யூனிட்டுக்கு மேல் போய்விடும். நிமிடத்துக்கு 9 லிட்டர் மட்டும் விடும் ஷவர்முனையை மாற்றிக்கொண்டு ஆறு நிமிடத்தில் முடித்தால் அதே குளியல் ஒன்றரை யூனிட்டில் அடங்கும். வாளியில் 20 லிட்டர் பிடித்துச் செம்பால் மொண்டு குளித்தால் முக்கால் யூனிட்கூட ஆகாது. ஊரில் செய்ததை இங்கே வந்ததும் ஏன் கைவிட்டோம் என்று நானே பலமுறை வியந்திருக்கிறேன்.

கீசரைப் பகலில் அணைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதனால் மிச்சமாவது, சும்மா இருக்கும்போது தொட்டியின் உடலிலிருந்து கசியும் வெப்பத்தில் ஒரு பகுதி மட்டுமே. சாதாரணமான 150 லிட்டர் தொட்டியிலிருந்து ஒரு நாள் முழுவதும் கசிவதே 2 முதல் 2.5 யூனிட்தான். அணைத்து அணைத்துப் போடுவதைவிடத் தொட்டிக்கும் அதிலிருந்து புறப்படும் வெந்நீர்க் குழாயின் முதல் சில அடிகளுக்கும் வெப்பம் கசியாமல் தடுக்கும் கீசர் போர்வை சுற்றிவிடுவது மேல். அது நீங்கள் மறந்துபோன நாளிலும் வேலை செய்யும். வெப்பநிலை 65, 70 என்று இருந்தால் 60-க்குக் குறையுங்கள். அதற்கும் கீழே போக வேண்டாம். வெதுவெதுப்பான தொட்டி நீரில் லெஜியோனெல்லா என்னும் நுரையீரல் நோய்க்கிருமி வளரக்கூடும். வெப்பநிலையை அமைக்கும் தெர்மோஸ்டாட்டைத் திருப்பும் முன்னர் மின்பலகையில் கீசரின் சுவிட்சை அணைக்கத் தவற வேண்டாம்.

எண்ணெய் ஹீட்டர் சிக்கனம், கம்பி ஹீட்டர் ஊதாரி என்று கடைகளில் சொல்வதையும் நம்ப வேண்டாம். ஒரு யூனிட் மின்சாரம் எந்த ஹீட்டர் வழியாகச் சென்றாலும் ஒரே அளவு வெப்பத்தைத்தான் தரும். எண்ணெய் ஹீட்டர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும், குழந்தை தொட்டாலும் கம்பி ஹீட்டர்போலச் சுட்டுவிடாது என்பது மட்டுமே வேறுபாடு. ஆகவே எந்த ஹீட்டர் என்பதைவிட, அது தந்த வெப்பம் எவ்வழியே வெளியேறுகிறது என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

பெரும்பாலும் கூரை வழியேதான். சீலிங்கில் உள்ள சிறு கதவைத் திறந்து ஏணி வைத்து எட்டிப் பாருங்கள். வெறும் பலகையும் தூசியும் மட்டுமே தெரிந்தால், நீங்கள் இரவெல்லாம் கூரை ஓடுகளையும் வானத்தையும் சூடேற்றிக்கொண்டிருக்கிறீர்கள். 2011-இல் வந்த சான்ஸ் 10400-எக்ஸ்.ஏ. என்னும் தென்னாப்பிரிக்கக் கட்டட விதிகளின்படி புதிய வீடுகளுக்குக் கூரை இன்சுலேஷன், அதாவது வெப்பத்தடுப்பு விரிப்பு, வேண்டும். அதற்கு முன்பு கட்டிய வீடுகளில் பலவற்றில் அது கிடையாது. 135 மில்லிமீட்டர் கண்ணாடி இழைச் சுருளை விரிப்பது ஒரே நாள் வேலை. வீட்டு உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள். கோடையிலும் வீடு குளிர்ச்சியாக இருக்கும், வீட்டின் மதிப்பும் கூடும் என்று சொன்னால் சிலர் செலவில் பாதியேனும் ஏற்கிறார்கள். உள்ளே பதித்த டவுன்லைட் விளக்குகளின் மேல் மட்டும் இழை படாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். சூடு தேங்கித் தீப்பிடித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி 2 (எழுதியவர்: டர்பன்காரன்)

எங்கள் ஊருக்கு வந்துவிடுங்கள் என்பதே என் முதல் யோசனை. ஜூலை இரவில்கூட இங்கே பெரும்பாலும் பத்து டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இரண்டாவது யோசனை: உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் வகை ஏசி இருந்தால் அதையே ஹீட்டராகப் பயன்படுத்துங்கள். அது வெளிக்காற்றிலிருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தள்ளுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் தரும். ஏசி என்றால் கோடைக்கு மட்டும் என்று எண்ணிப் பலர் குளிர்காலத்தில் அதன்மேல் துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள்.

மறுமொழி 3 (எழுதியவர்: லெனேசியா ஆயா)

தம்பி, உங்கள் தாயார் சொன்னதைப் படித்துச் சிரித்தேன். நான் இந்த நாட்டிலேயே பிறந்தவள். என் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்காக நேட்டாலுக்கு வந்தவர்கள். என் தந்தையார் காலத்தில், அன்று ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்துக்கு மாறினோம். பிறகு இனவாரிக் குடியிருப்புச் சட்டம் எங்களை, இந்தியர்களுக்கென ஒதுக்கிய லெனேசியாவில் கொண்டுவந்து வைத்தது. தமிழை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் வந்த ஊரில் மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து வரும். இங்கே எல்லாம் தலைகீழ். ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கே, வானத்தின் பாதி உயரத்துக்கும் குறைவாகத்தான் நிற்கும். ஆகவே வடக்குப் பார்த்த ஜன்னல் வழியே வெயில் அறையின் பின்சுவர் வரை வந்து விழும். இந்த ஊர்க் குளிர்காலத்தில் மழை இல்லை, மேகமும் அபூர்வம். அந்த வெயிலுக்குக் காசும் இல்லை. காலை ஒன்பது மணிக்கு வடக்குத் திரைச்சீலைகளை முழுவதும் ஒதுக்குங்கள். தரையில் விரித்த ஜமக்காளத்தை அந்த இடத்தில் மட்டும் சுருட்டி வைத்தால் டைல்ஸ் வெயிலைக் குடித்து மாலையில் திருப்பித் தரும். நண்பகலில் பல வீடுகளில் உள்ளே இருப்பதைவிட வெளியே சூடு அதிகம். பதினொன்றிலிருந்து மூன்று வரை ஜன்னல்களைத் திறந்துவிட்டால் ஈரமும் போகும், வெதுவெதுப்பும் வரும். ஜூனில் ஐந்தரைக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுவதால், நாலரை மணிக்கு எல்லாவற்றையும் இழுத்து மூடிவிட வேண்டும். அரை மணி தாமதித்தாலும் வித்தியாசம் தெரியும்.

திரைச்சீலை மெல்லியதாக இருந்தால் பழைய பருத்திப் புடவை இரண்டை மடித்து உட்புறம் தைத்துவிடுங்கள். தரையைத் தொடும் அளவுக்கு நீளம் இருக்கட்டும். கதவிடுக்கிற்குப் புடவைத் துணியில் குழாய்போலத் தைத்து மணல் நிரப்பி வைக்கிறேன். பார்சலில் வரும் குமிழ்ப் பிளாஸ்டிக்கை ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் தெளித்து ஒட்டினால் அப்படியே நின்றுகொள்ளும். வாடகை வீட்டுக்குச் சேதம் இல்லை. வெளியே பார்க்க முடியாதே என்று என் மருமகள் முகம் சுளித்தாள். இரவு ஏழு மணிக்கு வெளியே என்னம்மா இருக்கிறது என்று கேட்டேன்.

என் சிறுவயதில் வீடு முழுவதையும் சூடாக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதில்லை. சமையலறையில் கரியடுப்பு, மாலையில் பாடம், தையல், சண்டை எல்லாம் அந்த ஓர் அறையில்தான். இரவில் பிள்ளைகள் நால்வரும் ஒரே அறையில் படுத்தோம். நீங்களும் குளிர்காலத்துக்கு மட்டும் ஓர் அறையைத் தேர்ந்துகொண்டு மற்ற கதவுகளைச் சாத்திவிடுங்கள். பெரியவர்களும் சிறுபிள்ளைகளும் இருக்கும் அறை 18 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அந்த ஓர் அறைக்கு மட்டும் அதைச் செய்வது எளிது. படுக்கையில் விரித்த மின்கம்பளத்தைப் படுப்பதற்கு அரை மணி முன்னர் போட்டு, படுக்கும்போது அணைத்துவிட்டால் இரவுச் செலவு ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. உங்கள் அம்மாவுக்கு அது போதும். குழந்தைக்கு அது வேண்டாம். படுக்கையில் வெந்நீர்ப் பையை வைத்துச் சூடேற்றிவிட்டு, அவள் படுக்கும் முன் எடுத்துவிடுங்கள்.

சமையலிலும் மிச்சம் உண்டு. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது பெரிய பானையை இறக்கிக் கம்பளியில் சுற்றி வைப்போம். கடைசி ஆளுக்கும் ஆவி பறக்கும். அதையே நுரைப்பஞ்சு நிரப்பிய பையாக்கி 2008-லிருந்து இந்த நாட்டில் வொண்டர்பேக் என்ற பெயரில் விற்கிறார்கள். பருப்பையோ பீன்ஸையோ நன்றாகக் கொதிக்கவிட்டு, பானையோடு பைக்குள் மூடிவிட்டால் மீதியை அதுவே வேகவைத்துவிடும். பெட்டியும் பழைய தலையணையும் இருந்தால் அதுவும் வேண்டாம்.

மறுமொழி 4 (எழுதியவர்: செவிலியர், பெனோனி)

எரிவாயு ஹீட்டர் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. ஒன்பது கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 115 யூனிட் வெப்பம் இருக்கிறது; உங்கள் பகுதி விலைகளை ஒப்பிட்டு, எது மலிவு என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். என் கவலை வேறு. புகைபோக்கி இல்லாத அந்த ஹீட்டரில் ஒரு கிலோ வாயு எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேற்பட்ட நீர் ஆவியாக அறைக்குள்ளேயே சேர்கிறது. குளிர்ந்த சுவரில் அது படிந்து பூஞ்சையாகி, பிள்ளைகளின் இருமலை வளர்க்கிறது. காற்று போதாமல் எரிந்தாலோ கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு மணமில்லை, தலைவலி, மயக்கம், உறக்கம் என்று வந்து, உறங்குபவரை எழுப்பாமலே கொண்டுபோய்விடும்.

ஆகவே எரிவாயு ஹீட்டரை வாங்குவதாயிருந்தால், ஆக்சிஜன் குறைந்தால் தானாக அணையும் கருவி உள்ளதை வாங்கி, வரவேற்பறையில் ஒரு ஜன்னலைச் சற்றே திறந்து வைத்து, விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். படுக்கையறைக்கு அதைக் கொண்டுபோகவே கூடாது. பழைய வீடுகளின் சுவரில் மேலே தெரியும், காற்றோட்டத்துக்கான துளைச்செங்கல்லைக் குளிருக்காக அடைத்து வைத்திருந்தால் உடனே திறந்துவிடுங்கள். இம்பாவ்லா என்னும் கரித்தகர அடுப்பை இரவில் வீட்டுக்குள் எடுத்துச் சென்ற குடும்பங்களை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பணியிடத்தில் பார்க்கிறேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மனமில்லை.

மறுமொழி 5 (எழுதியவர்: மிட்ராண்ட் வாசகன்)

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். எரிவாயு எண்ணத்தைக் கைவிட்டோம். ஷவர்முனையை மாற்றினோம்; அம்மா வாளிக்கே திரும்பிவிட்டார். கீசர் 70 டிகிரியில் இருந்தது. 60-க்குக் குறைத்துப் போர்வையும் சுற்றியாயிற்று. வரவேற்பறையை மூடிவிட்டு வடக்குப் பார்த்த அறையிலேயே நால்வரும் மாலை முதல் இருக்கிறோம். அங்கே ஒரு ஹீட்டர் மட்டும், அதுவும் ஒன்பது மணிக்கு மேல் இல்லை. ஆயா சொன்ன புடவைத் திரைக்கு மனைவி முதலில் ஒப்பவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்கு வெப்பமானி 13 டிகிரி காட்டியதும் இரண்டாவது ஜன்னலுக்கும் அவரே தைத்துவிட்டார். நாளொன்றுக்கு 30 யூனிட்டாக இருந்தது இப்போது 19 யூனிட்.

சீலிங்குக்கு மேலே எட்டிப் பார்த்தேன். மின்பணியாளர் ஐயா சொன்னதுபோல் தூசியும் ஒரு பழைய புறாக்கூடும்தான் இருந்தன. வீட்டு உரிமையாளர் பொருளை வாங்கித் தருவதாகவும், கூலியை நான் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். வரவேற்பறையில் ஆறு டவுன்லைட்டுகள் இருக்கின்றன; ஒவ்வொன்றைச் சுற்றியும் எத்தனை அங்குலம் இடைவெளி விட வேண்டும் என்பதை மட்டும், ஐயா, சனிக்கிழமைக்குள் தெரிவித்தால் வேலையாளிடம் சொல்லிவிடுவேன்.