பெரிய வீட்டுக் குழு: பெரியப்பா அனுப்பின வீடியோ

பெரியப்பா: ஃபர் கோட்டு போட்டுக்கிட்டு ஒரு அம்மா வெட்டவெளியில நின்னு பாடறாங்க. கண்ணுக்கெட்டின தூரம் ஜனம். யாரும்மா நித்யா இது?

நித்யா: மரியன் ஆண்டர்சன் பெரியப்பா!! 1939 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. வாஷிங்டன் லிங்கன் நினைவிடத்துப் படிக்கட்டு. கூட்டம் 75,000

மாலதி சித்தி: ஏன்டி, ஹால் கிடைக்கலையா?

நித்யா: கேட்டாங்க சித்தி, தரல. கான்ஸ்டிடியூஷன் ஹாலை வெச்சிருந்த பெண்கள் சங்கம் கறுப்பினத்தவங்களுக்கு மேடை கிடையாதுன்னுடுச்சு. ஜனாதிபதி மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அந்தச் சங்கத்துல மெம்பர். உடனே ராஜினாமா

பாபு: செம 👏

நித்யா: எனக்கு ஆறாதது அது இல்ல. அவ்வளவு ஊர் கேட்ட குரல், நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பரா (முழுக்கப் பாட்டாவே நடக்கற நாடகம்) மேடை ஏற 1955 ஜனவரி ஆச்சு. அப்ப வயசு 57. வெர்டி இசையமைச்ச ஆப்பராவுல குறி சொல்ற உல்ரிகா வேஷம், அதுவும் ஒரே ஒரு காட்சி

பெரியப்பா: 57லயா? ஆப்பராவுல மைக்கே கிடையாதேம்மா. அத்தனை வாத்தியத்தையும் தாண்டி கடைசி வரிசைக்குக் கேக்கணும்

மாலதி சித்தி: லேட்டானாலும் கிடைச்சுதே அத்தான்

பெரியப்பா: பசி அடங்கினப்புறம் பந்தி போட்டா என்ன மாலதி

நித்யா: 😔 ஆனா அந்தக் கதவு அப்புறம் மூடல. அதே மாசம் அங்கயே ராபர்ட் மெக்ஃபெரின் பாடினார், 'ஐடா'ங்கற ஆப்பராவுல. வாயாலயே எல்லா வாத்தியமும் பண்ணுவாரே பாபி மெக்ஃபெரின், அவரோட அப்பா

பாபு: அட!

நித்யா: 1961ல லியோன்டைன் பிரைஸ். மிசிசிப்பிக்காரங்க, அம்மா பிரசவம் பாக்கறவங்க. 33 வயசு, குரல் உச்சத்துல இருக்கறப்பவே அதே மெட்ரோபாலிடன்ல அரங்கேற்றம். முடிஞ்சதும் அரை மணிக்கு மேல கைத்தட்டல். இத்தனைக்கும் ஆறு வருஷம் முன்னாடி இவங்க டிவியில 'டோஸ்கா' ஆப்பரா பாடினப்ப, கறுப்பினத்தவங்கன்னு அமெரிக்கத் தெற்குல சில ஸ்டேஷன் ஒளிபரப்பவே மாட்டோம்னாங்க

பெரியப்பா: அவங்க பாட்டு இருந்தா அனுப்பு

நித்யா: 1985ல விடைபெற்ற 'ஐடா' இருக்கு. மூணாம் அங்கத்துல ஒரு பாட்டு முடிஞ்சு ஜனம் கைதட்டிக்கிட்டே இருக்கும். வேஷம் கலையக்கூடாதுன்னு அந்தம்மா அப்படியே நிப்பாங்க, உதடு மட்டும் துடிக்கும். அந்த இடத்தை ஓட்டிடாதீங்க

மாலதி சித்தி: அத்தான், போன்ல கேக்காதீங்க, டிவியில போடுங்க. நாங்களும் வரோம்

பாபு: ஸ்பீக்கர் நான் எடுத்துட்டு வரேன்